பதிப்பாளராக வேண்டுமா? முதலில் கடையில் நில்லுங்கள்

பதிப்பகத்தில் வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே ஆசிரியர் குழுவில் இடம் கேட்கிறார்கள். விற்பனைப் பிரிவு என்றால் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஜேம்ஸ் டி. ஃபீல்ட்ஸ் எப்படி மேலே வந்தார் என்று பாருங்கள். ஹாதார்ன், லாங்ஃபெல்லோ, எமர்சன், தோரோ என 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தின் பெரிய பெயர்களை வெளியிட்ட பாஸ்டன் நிறுவனம் ‘டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸ்’. அதன் பங்குதாரர் அவர்.

1817இல் நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் பிறந்தார். கப்பல் தலைவரான அப்பா, மகனுக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டார். கல்லூரிப் படிப்பு கிடையாது. பதின்வயதில் பாஸ்டனுக்கு வந்து, வாஷிங்டன் தெருவும் ஸ்கூல் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கடைக்குள் வருபவர் வாய் திறப்பதற்குள் அவர் எந்தப் புத்தகம் கேட்கப்போகிறார் என்று சொல்லிவிடுவாராம். கூட இருந்த நண்பர்கள் இதை வியந்து பதிவு செய்திருக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் அங்கே உழைத்தபின் 1843இல் இளைய பங்குதாரரானார். வாசகர் எதற்குப் பணம் தருவார் என்ற கணக்கு அவருக்குக் கடை மேசையில்தான் பிடிபட்டது. ஆகவே விற்பனைப் பிரிவில் போட்டால் மறுக்காதீர்கள். புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டுத் திரும்ப வைக்கிறவரைக் கவனியுங்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, விலையைப் பார்த்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அடுத்த பாடம், எழுத்தாளரைத் தேடிப் போவது. 1849இல் ஹாதார்னுக்கு மாசசூசெட்ஸின் சேலம் நகரச் சுங்க அலுவலக வேலை போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஃபீல்ட்ஸ் அவர் வீட்டுக்குப் போனார். அடுப்பருகே சோர்ந்து உட்கார்ந்திருந்த ஹாதார்ன், தன் புத்தகத்தை யார் நம்பி அச்சிடுவார்கள் என்று கேட்டாராம். முதல் பதிப்பாக 2,000 பிரதிகள் போடத் தயார் என்றார் ஃபீல்ட்ஸ். எழுதியது எதுவும் இல்லை என்று சாதித்த ஹாதார்ன், அவர் கிளம்பும் நேரத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து நீட்டினார். ஃபீல்ட்ஸ் அதைப் பாஸ்டன் திரும்பும் வழியிலேயே படித்து, அன்றிரவே பாராட்டி எழுதினார். இது ஃபீல்ட்ஸே பின்னாளில் எழுதிய கதை, கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். ஆனால் விளைவு கண்முன்னே இருக்கிறது. சிறுகதைத் தொகுப்பில் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது, தனி நாவலாக 1850 மார்ச்சில் ‘த ஸ்கார்லெட் லெட்டர்’ என்று வந்தது. முதல் பதிப்பு 2,500 பிரதிகள். பத்தே நாளில் தீர்ந்தது. கையெழுத்துப் பிரதி தபாலில் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி ஒரு புத்தகம் கிடைக்காது.

பண விஷயத்திலும் இந்த நிறுவனத்துக்குத் தனி வழி இருந்தது. 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. ஆங்கிலேயரின் புத்தகத்தை யாரும் காசு தராமல் அச்சிடலாம், பலர் அச்சிட்டார்கள். மூத்த பங்குதாரர் வில்லியம் டிக்னரோ 1842இலேயே ஆங்கிலக் கவிஞர் டென்னிசனுக்கு 150 டாலர் அனுப்பினார். ஆங்கிலக் கட்டுரையாளர் டி குவின்சி பத்திரிகைகளில் சிதறவிட்டிருந்த கட்டுரைகளை ஃபீல்ட்ஸ் தேடிச் சேர்த்து, இங்கிலாந்தில் தொகுப்பு வரும் முன்பே வெளியிட்டார்; அவருக்கும் பணம் போனது. சட்டம் கேட்காத இடத்தில் தந்த பணம், லண்டன் எழுத்தாளர்களிடம் நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது.

ஃபீல்ட்ஸ் தவறும் செய்தார். லூயிசா மே ஆல்காட்டிடம் எழுத்து வேண்டாம், ஆசிரியர் வேலையையே பாருங்கள் என்று சொல்லி, பள்ளி நடத்த 40 டாலர் கடனும் கொடுத்தார். 1868இல் அவருடைய ‘லிட்டில் விமன்’ பாஸ்டனிலேயே ராபர்ட்ஸ் பிரதர்ஸ் வெளியீடாக வந்து பெருவெற்றி பெற்றது. ஒரு பிரதியை மறுக்கலாம். இவருக்கு எழுத்தே வராது என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை.

அதைவிடப் பெரிய தவறு கணக்கில் நடந்தது. கெய்ல் ஹாமில்டன் என்ற பெயரில் எழுதிய மேரி அபிகெய்ல் டாட்ஜ், ஃபீல்ட்ஸின் குடும்ப நண்பர். நட்பை நம்பி ராயல்டியைப் பற்றி விசாரிக்காமலே இருந்தார். பிரதிக்கு 15 சென்ட் வந்துகொண்டிருந்தது. புத்தகத்தின் விலை 2 டாலர். வழக்கமான பத்து சதவீதம் என்றால் 20 சென்ட் வந்திருக்க வேண்டும். தெரிந்ததும் உறவு முறிந்தது. விவகாரம் நடுவர்களிடம் போனது; அவர்கள் டாட்ஜுக்கு 1,250 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 1870இல் அவர் இந்தச் சண்டையையே ஒரு புத்தகமாக எழுதினார். மறு ஆண்டே ஃபீல்ட்ஸ் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

எழுத்தாளர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், ராயல்டி சதவீதம், அது எந்த விலை மீது, கணக்கு எந்த மாதம் வரும் என்ற மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே புத்தகத்தை அச்சுக்கு அனுப்புங்கள்.