ஆனந்தரின் பழந்துணி: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



வினய பிடகத்தின் சுள்ளவக்கத்திலே ஒரு வரலாறு உண்டு. கோசாம்பி மன்னன் உதேனனின் அந்தப்புர மகளிர், ஆனந்த தேரரின் அறவுரை கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தனர். துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, துணி வணிகம் செய்யப் போகிறாரோ என்று மன்னன் ஐயுற்று, நேரில் சென்று வினவினான்.

ஆனந்தர் சினங்கொள்ளாமல் கணக்குக் கூறினார். புதிய ஆடை, ஆடை நைந்த பிக்குகளுக்குச் சேரும். அவர்தம் பழைய ஆடை மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும்; அது நைந்தால் தரைவிரிப்பு; பின் கால்மிதி; பின் தூசி துடைக்கும் துணி. அதுவும் கிழிந்தபின் சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசப்படும். மன்னன் மனந்தெளிந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை வழங்கினான்.

ஒரு பொருளை அதன் கடைசி இழை வரையில் மதித்தல் என்பதே இதன் உட்பொருள். பஞ்சாலையில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். அங்கே கழிவுப் பஞ்சும் வீணாவதில்லை. முரட்டு நூலாகும், அன்றி இயந்திரத்தின் எண்ணெய் துடைக்கும்.

"இல்லாதவனுக்குச் சிக்கனம் போதிப்பது எதற்கு?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வறுமையால் உண்ணாதிருப்பது அறம் அன்று, அது அநீதி. கையில் இருக்கும்போது அளவறிந்து நுகர்வதே அறம். பிறர் செய்யும் கேட்டையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நந்திமலையில் தோன்றி, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியே செல்லும் நம் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கிறது. கீழ்ப்புறத்தில் அதனைக் கெடுத்தது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவே. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. அவர் கடமை அவர்க்கு. நம் கடமை நமக்கு.

இராமகுப்பம் போன்ற வறண்ட ஊர்களில் வாழும் நாம், இல்லத்தில் இன்றே தொடங்கத்தக்கவை இவை:

1. நீர்: நொடிக்கொரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் சுமார் 20 லிட்டரை வீணாக்கும். அதனை உடனே செப்பனிடுக. 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் விழும், தொட்டியில் பிடிக்கலாம். அரிசி களைந்த நீர் செடிக்கு ஆகும்.

2. அடுப்பு: பருப்பையும் பயறையும் ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் எரிபொருள் மிஞ்சும். நெல்லைவிடக் கேழ்வரகுக்கு நீர் குறைவே போதும். ஆதலின் களியை இழிவாக எண்ணற்க.

3. விளக்கு: 60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.ஈ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது.

4. குப்பை: காய்த்தோல், சாணம், சருகு இவற்றைக் குழியிலிட்டு எருவாக்குக. கடைக்குத் துணிப்பையோடு செல்க. பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர், அந்த நச்சுப்புகையை முதலில் சுவாசிப்பது நம் குழந்தைகளே.

இவற்றின் பாரம் முழுதும் பெண்கள் தலையில் விழலாகாது. குடம் சுமப்பதும் குழி வெட்டுவதும் ஆடவர்க்கும் உரியவை. ஒருத்தியின் முதுகை ஒடித்துச் சேர்க்கும் நீர் எப்படி அறமாகும்?

1927 மார்ச் 20ஆம் நாள், மகாட் நகரின் சௌதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகினார், ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். ஒரு கை நீருக்காக நம் முன்னோர் அடிபட்டனர். அவர் வழிவந்த நாம், நீரின் விலையைப் பிறரினும் நன்கறிவோம் அன்றோ? ஆகவே இன்றிரவு உறங்குமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழாயைச் சோதித்துப் பார்ப்பாராக.