சாவி திறக்கவில்லையா? படிப்படியாகப் பார்ப்போம்



வட்டாரக் கணினி வகுப்பில் என்னிடம் அதிகம் வரும் புகார் இது: "அண்ணே, பாதுகாப்புச் சாவியை ஃபோன்ல வெச்சேன், ஒன்னுமே நடக்கல. பேசாம பழைய பாஸ்வர்டுக்கே போயிடவா?"

போகாதீங்க. நம் கிளை மின்னஞ்சலில் முகாமுக்குப் பதிந்த பிள்ளைகளின் பெயர், ஐசி எண், பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் இருக்கின்றன. கடவுச்சொல்லையும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணையும் மோசடிக்காரன் பேசியே வாங்கிவிடுவான். சாவியிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

ஏன்? சாவியைப் பதியும்போது இரண்டு இணைக் குறியீடுகள் உருவாகின்றன. ஒன்று இணையத்தளத்துக்குப் போகும். ரகசியமான மற்றொன்று சாவியை விட்டு வெளியே வராது. நுழையும்போது தளம் ஒரு கேள்வி அனுப்பும், சாவி அதற்குக் கையொப்பமிடும். பதிந்த முகவரி அல்லாத தளத்துக்கு அந்தக் கையொப்பம் கிடைக்காது. பாஸ்கீயும் இதே முறைதான். பெரும்பாலும் கைப்பேசியிலேயே இருக்கும், விரல், முகம் அல்லது திரைப்பூட்டால் திறக்கும். 2019 மார்ச்சில் இது வலைத்தரமாக ஏற்கப்பட்டது.

சரி, வேலை செய்யலன்னா என்ன பார்க்கணும்?

1. வைக்கும் இடம். ஐபோனில் என்எஃப்சி அலைவாங்கி மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பின்பக்கம், நடுவிலோ கேமராவுக்கு அருகிலோ இருக்கும். அமைப்புகளில் என்எஃப்சி திறந்திருக்கிறதா பாருங்கள். தட்டிவிட்டு உடனே எடுக்காமல், முடிந்தது என்று திரை சொல்லும் வரை அசையாமல் பிடியுங்கள்.

2. கவர். உலோகக் கவர் அலையைத் தடுக்கும். கவருக்குள் டச் அண்ட் கோ அட்டை சொருகி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அட்டையும் சாவியும் ஒரே 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. அட்டையை எடுத்துவிட்டு முயலுங்கள்.

3. புதுச் சாவி. புதிதாக வரும் சில யூபிகீகளில் என்எஃப்சி பூட்டியே வருகிறது. ஒருமுறை யூஎஸ்பியில் சில விநாடி செருகினால் திறந்துகொள்ளும்.

4. கணினி. பல மடிக்கணினிகளில் என்எஃப்சி கிடையாது. யூஎஸ்பியில் செருகித் தொட வேண்டும். விண்டோஸ் முதலில் தன் பின் எண்ணையே கேட்டால், வேறு வழியைத் தேர்ந்தெடுத்து 'பாதுகாப்புச் சாவி' என்பதை அழுத்துங்கள்.

5. கியூஆர் படம். கைப்பேசியின் பாஸ்கீயால் கணினியில் நுழையும்போது இரண்டிலும் புளூடூத் திறந்திருக்க வேண்டும். கைப்பேசி பக்கத்தில்தான் இருக்கிறதா என்று சோதிக்கவே அது. இரண்டையும் இணைக்கத் தேவையில்லை. இணையமும் இரண்டிலும் வேண்டும்.

6. பின் எண். இங்கே அவசரம் வேண்டாம். யூபிகீ போன்ற சாவிகளில் தொடர்ந்து மூன்று முறை தவறினால், கழற்றி மறுபடி செருக வேண்டும். எட்டு முறை தவறினால் சாவி பூட்டிக்கொள்ளும். பிறகு ரீசெட்தான், பதிந்த கணக்குகள் எல்லாம் அதிலிருந்து அழிந்துபோகும். சந்தேகம் இருந்தால் மூன்றாவது முயற்சிக்கு முன்பே நிறுத்துங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பாக இருந்தால் ரொம்ப கவனம். ஓர் எழுத்து மாறிய போலித் தளமாக இருக்கலாம். அப்படியென்றால் சாவி கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த நேரத்தில் "கடவுச்சொல்லைப் போடு" என்று தளம் கேட்டால், கை வைக்காமல் மூடிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே சாவியை நம்பி இருக்காதீங்க. ஆப்பிள் கணக்கே குறைந்தது இரண்டு சாவி பதியச் சொல்கிறது. கிளைக் கணக்கின் சாவி செயலாளரின் பையில் மட்டும் இருந்து, அவர் வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விட்டால், கிளையே வாசலில் நிற்கும். ஒன்று செயலாளரிடம், ஒன்று பொருளாளரிடம் இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு சாவியையும் ஒப்படையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி:

அ. உங்கள் கைப்பேசியில் என்எஃப்சி எந்த இடத்தில் சாவியைப் படிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.
ஆ. இரண்டாவது சாவியால் ஒருமுறை நுழைந்து பாருங்கள். சோதிக்காத மாற்றுச் சாவி இருந்தும் இல்லாத மாதிரிதான்.
இ. போலித் தளத்தில் சாவி ஏன் திறக்காது என்பதை வீட்டில் அம்மா அப்பாவுக்குத் தமிழில் விளக்குங்கள். அவர்களுக்குப் புரிந்தால், பாடம் உங்களுக்கும் புரிந்தது என்று பொருள்.