மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர்

கேள்வி: தேனி மாவட்டம் லோயர் கேம்ப் பக்கம் மரங்களோடு மூன்று ஏக்கர் விலைக்கு வருகிறது. ஓய்வுக்குத் தங்கலாம், முயல், காட்டுப்பன்றி வேட்டையும் ஆடலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேட்டைக்கென்றால் வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். உங்கள் வரப்புக்குள் வந்தாலும் முயல் உங்களுடையது ஆகாது. துப்பாக்கி மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வேட்டைதான், சிறை உண்டு. ஒரு பக்கம் பெரியாறு, இன்னொரு பக்கம் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை என இரண்டு புலிகள் காப்பகங்கள் அருகில் உள்ள ஊர் அது. இதை மறைத்துப் பேசும் தரகரை நம்பாதீர்கள்.

ஓய்வுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் பாருங்கள். வன எல்லைக் கல் எங்கே என்று நேரில் நடந்து பாருங்கள். 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அந்த நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால், முன் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. மரம் வெட்டவும் அனுமதி வேண்டும்.

அங்கே பார்க்க நிறைய உண்டு: மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், மின்நிலையம் தாண்டி ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம். இவற்றைப் பார்க்க நிலம் வாங்க வேண்டியதில்லை. வாங்குவதானால், வனச்சரக அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.