செப்புக்காசைப் புளி போட்டு விளக்காதீர்கள்

பழைய செப்புக்காசு கைக்கு வந்தால் பலரும் முதலில் பார்ப்பது வயதைத்தான். விலையைத் தீர்மானிப்பது அது மட்டுமல்ல. இராசராச சோழனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழையது. ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்தவை இன்றும் மலிவுதான். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடித்த ஸ்டூவர் காசு அதைவிட மிக இளையது. ஆனாலும் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரைக்கு மேல் திருகோணமலையைக் குறிக்கும் ‘டி’ எழுத்து தெளிவாக இருந்தால் சேகரிப்பாளர் தேடி வருவார். திருகோணமலையில் காசடித்தது சில ஆண்டுகள்தான். 1795இல் அங்குள்ள கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

எழுத்துத் தெரிய விளக்கத்தானே வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புளியும் தேசிக்காயும் அழுக்கோடு செம்பின் மேற்பரப்பையும் அரித்துவிடும். காலம் ஏற்றிய கரும்பழுப்புப் படலம் அசலுக்கு ஒரு சாட்சி. அதை இழந்த காசு எவ்வளவு மினுங்கினாலும் மதிப்புக் குறைந்ததே. காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி, சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள். வளவு கிண்டும்போது அகப்பட்டதென்றால் முதலில் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை சட்டப்படி தொல்பொருட்கள்.