பதினைந்து நாளில் பல் முளைக்குமா?

லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் மார்கழி விடுமுறைக்குச் சென்னை வந்து இறங்கும் நம்மவர்கள், “பதினைந்தே நாளில் இம்ப்ளான்ட் வைத்துப் பல்லும் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, அதை வேதவாக்காகவே ஆக்கிவிட்டார்கள். பல் வைத்தியம் செய்து ஜீவிக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இங்கே வாடகையும் ஊழியர் சம்பளமும் குறைவாதலால் கட்டணமும் குறைவு என்பது வாஸ்தவந்தான். ஆனால் தாடை எலும்புக்கு விமானச் சீட்டின் தேதி தெரியாது. டைட்டானியத்தோடு எலும்பு இறுகப் பிணையும் என்று 1950-களில் கண்டறிந்த ஸ்வீடன் தேசத்துப் பிரோனமார்க், 1965-இல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானிய இம்ப்ளான்டைப் பொருத்திய காலந்தொட்டு, பல் கட்டுமுன் கீழ்த்தாடைக்குச் சுமார் மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் பொறுத்திருப்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. நவீன முறைகளால் சிலருக்கு அக்காலம் சுருங்கியிருப்பினும், அன்றைக்கே மாட்டிவிடும் பல் பெரும்பாலும் தற்காலிகப் பல்லே என்பதை விளம்பரக்காரர் உரக்கச் சொல்வதில்லை. பொறுமையற்றவர்களோ, “அப்படியானால் கேப்பாவது போட்டுவிடுங்கள்” என்று, பல் இல்லாத இடத்தின் இரு பக்கத்திலும் உள்ள, சொத்தையே இல்லாத பற்களையும் முளைக்குச்சிபோல் ராவிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். ராவிய எனாமல் எந்த ஜன்மத்திலும் திரும்பி வராது.

ஒற்றைப் பல்லுக்காகவே இருமுறை பிரயாணம் செய்தால் மிச்சமெல்லாம் விமானக் கட்டணத்தில் கரைந்துபோகும். பல பற்கள் இல்லாதவர்களுக்கு லாபம் உண்டு. அவர்கள் இவ்வருஷம் இம்ப்ளான்டும், அடுத்த வருகையில் பல்லும் என்று வகுத்துக்கொள்வதே விவேகம். இம்ப்ளான்டின் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருகு தளர்ந்தால், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் நீங்கள் வசிக்கும் ஊர் வைத்தியர் எந்தக் கருவியால் திறப்பது என்று திகைப்பார்.

வெளிநாட்டு வைத்தியர்தான் கைதேர்ந்தவர் என்பதும், இங்குள்ளவரே மேல் என்பதும் ஒன்றுக்கொன்று சளைக்காத அபத்தங்கள். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்பதற்குப் பதில் சொல்லவும் எனக்கு அவகாசமில்லை.

ஆனால், பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டங்காணும் என்று பயந்து, ஈறு அழுகும்வரை பற்காரையைச் சேர்த்துவைப்பவர்களை மன்னிக்க மனம் வரவில்லை. பல்லை ஆட்டுவது அந்தக் காரையால் விளையும் ஈறு நோயே. ஆகவே, சென்னைக்கு வந்துதான் செய்யவேண்டும் என்று காத்திராமல், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே காலாகாலத்தில் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அதைவிடப் பெரிய சிக்கனம் என் சாஸ்திரத்தில் இல்லை.