குடிநீர்த் திட்டமும் ஈரநிலத்துக்கான ஈடும்



குடிநீர்த் திட்டம் ஒன்றால் ஈரநிலமோ உயிரினங்களின் வாழிடமோ அழியும்போது, அதற்கு நிகரான வாழிடத்தை இன்னோர் இடத்தில் மீட்டெடுப்பது ஈடுசெய்தல் எனப்படும். வரிசையில் அது கடைசிப் படி. முதலில் பாதிப்பைத் தவிர்க்க வேண்டும். முடியாதபோது குறைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சிதைந்த நிலத்தைச் சீராக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் இழப்புக்குத்தான் ஈடு. ஆசிய அபிவிருத்தி வங்கி 2009இல் வகுத்த பாதுகாப்புக் கொள்கையும் உயிர்ப் பல்வகைமையில் நிகர இழப்பு கூடாது என்றது. நடைமுறையில் பலர் முதல் மூன்று படிகளையும் தாண்டிக் கன்று நடும் விழாவுக்கே வந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் முதல் படியே கடினமானது. வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றில் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதனால் மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் 40 அடி ஏறிவிடும். வேலணைச் சாட்டிக் கிணறுகளும் நெடுந்தீவுச் சாராப்பிட்டிக் கிணறுகளும் இந்தப் படையை நம்பியே இருக்கின்றன. நெடுந்தீவின் மட்டக் குதிரைகளுக்கும் இந்தப் படையும் குளங்களும் தவிர வேறு நீர் இல்லை. கடும் வறட்சியில் அவை தாகத்தால் மடிந்ததுண்டு. 2015இல் அங்கே தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோதும், வேலியும் பலகையும் குளத்தை நிரப்புவதில்லை. உவர் ஏறிய நன்னீர்ப் படைக்கு வேறு தீவில் ஈடு காண்பதும் இயலாது.

களப்புகளின் கதை வேறு. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாறு களப்புகளுக்கு நீர் கொண்டுவர எண்ணியது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; முழுத் திட்டம் நிறைவேறவில்லை. கிணறுகள் இனிக்கும் என்பது அதன் பெரும் நன்மை. ஆனால் உவர்க் களப்பு நன்னீரானால் றாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் நாற்றங்கால் மாறிவிடும். கண்டலும் வலசைப் பறவைகளின் மேய்ச்சலும் கூடவே மாறும். அதை ஈடுசெய்வதாயின், அதே உப்புத்தன்மையும் ஆழமும் கொண்ட, கடலோடு தொடர்பு அடைபட்ட இன்னொரு களப்பைத் திறந்துவிட வேண்டும்.

இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அதன் பின் தெரிவானது தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள அது 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. வயலுக்கும் குளத்துக்குமான இழப்பு தவிர்க்கப்பட்டது. இது முதல் படி சரியாக நடந்த எடுத்துக்காட்டு. ஆனால் கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய இரட்டிப்பு உப்புள்ள கழிவுநீர். திறந்த கடலில் அது விரைவாகக் கலந்துவிடும். நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களின் சிறு சுத்திகரிப்பு (ஆர்.ஓ.) நிலையங்களுக்கும் கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வி உண்டு. ஆழமற்ற பரவைக் கடலில் விட்டால் உப்பு அடியில் தேங்கிக் கடற்புல்லைத் தாக்கும். ஆகவே குழாயின் வாய் எங்கே முடிகிறது என்பதே அங்கே முக்கியமான சுற்றாடல் முடிவு.

தீவகத்தில் ஈடு என்ற பெயரில் அதிகம் நடக்கக்கூடிய பிழை, சேற்றுத்தரையில் கண்டல் நடுவது. பண்ணைப் பாலத்தை அடுத்த சேற்றுத்தரைகள் வெறுமையானவை போலத் தெரிந்தாலும், பூநாரையும் உள்ளான்களும் இரை தேடும் இடங்கள் அவையே. அங்கே கண்டல் நட்டால் ஒரு வாழிடத்தின் இழப்பு இரண்டாகிறது. கண்டல் முன்பு இருந்து அழிந்த இடத்தில், வீதியும் அணையும் மறித்த நீரோட்டத்தை மதகு வைத்துத் திறந்தால் கன்றுகள் தாமாகவே முளைக்கும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 திருத்தமும் குறித்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. அறிக்கையை மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஈடாகக் காட்டும் நிலம் திட்டம் இல்லாவிட்டாலும் பாதுகாக்கப்பட்டிருக்குமா, புது வாழிடம் வளரும் வரை பறவைகள் எங்கே போகும், பத்தாண்டுக்குப் பிறகு பராமரிப்புச் செலவு யாருடையது, களப்பில் தூண்டிலும் வலையும் போட்டவருக்கு என்ன மாற்று என்ற கேள்விகளை அந்த 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம்.