தெருவில நிண்டு கதைச்சால் குற்றமா?

ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் பின்னேரங்களில் எங்கட ஆக்கள் கடை வாசலில் கூடிநின்று கதைப்பது வழக்கம். ஊரில் சந்தியில் நின்ற பழக்கம்தான். புதிதாக வந்த பலர் எங்களிடம் கேட்பது, "சும்மா நிண்டாலும் பொலிஸ் பிடிக்குமோ?"

சும்மா நிற்பது இங்கே குற்றமில்லை. முன்பு 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், சந்தேகப்படும்படி திரிகிறார் என்று சொல்லியே ஆளைப் பிடிக்கலாம். 'சஸ்' சட்டம் என்பார்கள். கறுப்பின இளைஞர்கள்தான் அதில் கூடுதலாக அகப்பட்டார்கள். பிரிக்ஸ்ரன் கலவரம் நடந்த 1981இலேயே அந்தப் பிரிவை நீக்கினார்கள். (1841இல் வெள்ளைக்காரர் இலங்கையிலும் இதே வகைச் சட்டம் கொண்டுவந்தவர்கள்.)

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: 2014ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டம், 35ஆம் பிரிவு. சத்தம், குடி, சண்டை என்று மற்றவர்களுக்குத் தொல்லை வரும் என்று பொலிஸ் நியாயமாகச் சந்தேகித்தால், இன்ஸ்பெக்டர் ஒருவரின் அனுமதி இருக்கும் இடத்தில், சீருடைப் பொலிஸ் உங்களைப் போகச் சொல்லலாம். ஆகக்கூடியது 48 மணித்தியாலம் அந்தப் பகுதிக்குத் திரும்பி வரக்கூடாது. முடிந்தவரை இதை எழுத்தில் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கோ, வேலைக்கோ, கோர்ட்டுக்கோ, வைத்தியத்துக்கோ போகவிடாமல் மறிக்க முடியாது. அங்கேதான் இருக்கிறன் என்று உடனே சொல்லுங்கள்.

நின்றதற்கு வழக்கில்லை; போகச் சொன்ன பிறகும் நியாயமான காரணமில்லாமல் நின்றால் வழக்கு. 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 பவுண் வரை தண்டம். அகதி வழக்கு நடக்கிற நேரத்தில் இது பெரிய தலையிடி. தண்டனை பதிவானால் ஹோம் ஒபிஸ் விண்ணப்பங்களில் அதைச் சொல்லவேண்டி வரும். பொலிஸ் செய்தது பிழை என்று நினைத்தாலும் முதலில் விலகிப் போங்கள். முறைப்பாடு பிறகு செய்யலாம்.

பொலிசைக் கண்டதும் ஓடுகிற ஊர்ப்பயம் எங்களுக்கு விளங்கும். ஆனால் இங்கே ஓடினால்தான் சந்தேகம் கூடும். நின்று பதில் சொல்லுங்கள். தெருவில் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பொதுச்சட்டம் இல்லை, என்றாலும் ஏ.ஆர்.சி. கார்ட்டைக் கொண்டு திரிவது நல்லது. சமூகவிரோதமாக நடந்ததாக நம்பிச் சீருடைப் பொலிஸ் பெயர், விலாசம் கேட்டால், சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் குற்றம்.

கைதுசெய்து ஸ்ரேசனுக்குக் கொண்டுபோனால் லோயர் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். இரண்டையும் கேளுங்கள். தந்த துண்டை எறியாமல் எங்களிடம் கொண்டுவாருங்கோ.